கிளவுட் டேட்டாபேஸ் வாங்குமுன்: என்ஜின் முதலில், இடம் அடுத்து, நிறுவனம் கடைசியில்

2025 அக்டோபர் 20, தீபாவளி நாள். அமேசானின் வடக்கு வர்ஜீனியா ரீஜனில், அதாவது அதன் டேட்டா சென்டர்கள் கூடியிருக்கும் பகுதியில், இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் டி.என்.எஸ். அமைப்பில் ஏற்பட்ட ஒரு கோளாறால் உலகெங்கும் செயலிகளும் இணையதளங்களும் மணிக்கணக்கில் முடங்கின. ஒன்பது நாள் கழித்து மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரும் தடுமாறியது. ஃப்ரண்ட் டோர் என்ற அதன் நுழைவுச் சேவையில் செய்த தவறான அமைப்பு மாற்றத்தால், நிர்வாகத் திரையைக்கூடப் பலரால் திறக்க முடியவில்லை. கடைக் கணக்கு, சரக்கு இருப்பு, சம்பளப் பட்டியல் எல்லாவற்றையும் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளுக்கு, மாற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா வியாபாரிகளுக்கு இதைக் கேட்டதும் தயக்கம் வருவது இயல்பு.

அந்தத் தயக்கத்துக்குப் பதில் "கிளவுட் நல்லது" என்பதும் அல்ல, "கிளவுட் ஆபத்து" என்பதும் அல்ல. வர்ஜீனியாவில் கோளாறு வந்தால் கேப் டவுன் ரீஜனில் ஓடும் டேட்டாபேஸ் அதனால் நின்றுவிடாது. ஒவ்வொரு ரீஜனும் தனித்து இயங்கும்படி கட்டப்பட்டது. ஆனால் பயனர் அனுமதிகளை மாற்றுவது போன்ற சில உலகளாவிய வேலைகளுக்கு வர்ஜீனியாவின் தயவு வேண்டும். எது எதைச் சார்ந்திருக்கிறது என்று தெரிந்தவருக்கு அந்தச் செய்தி ஒரு தகவல், தெரியாதவருக்கு அது பீதி. எனவே அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ரிலேஷனல் டேட்டாபேஸ் என்ன வேலை செய்கிறது

1970இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் முன்வைத்த யோசனை இது: தகவலை அட்டவணைகளாகப் பிரித்து வை, அட்டவணைகளை ஒரு பொதுவான எண்ணால் இணை. வாடிக்கையாளர் ஓர் அட்டவணை, சரக்கு ஓர் அட்டவணை, பில் ஓர் அட்டவணை. எக்செல் தாளிலும் இதையெல்லாம் எழுதலாம். வித்தியாசம் தெரிவது நெருக்கடியில்.

சாட்ஸ்வொர்த்தில் ஒரு மசாலா மொத்தக் கிடங்கு, டர்பன் விக்டோரியா தெரு மார்க்கெட்டில் ஒரு கடை, லெனேசியாவில் ஒரு கிளை என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. ஐந்து கிலோ ஏலக்காய்ப் பை ஒன்றே ஒன்றுதான் கிடங்கில் பாக்கி. டர்பன் கடையும் லெனேசியாவும் ஒரே நொடியில் அதை விற்கப் பார்க்கின்றன. ஒவ்வொரு விற்பனையிலும் மூன்று வேலை: இருப்பில் ஒன்றைக் கழி, பில்லை எழுது, வாடிக்கையாளர் கடனில் தொகையை ஏற்று. இந்த மூன்றையும் ஒரே கட்டாக எடுத்துக்கொள்வதுதான் டிரான்ஸாக்‌ஷன். டர்பன் முந்திக்கொண்டால் சரக்கு அட்டவணையில் ஏலக்காய்க்கு உரிய வரிசை (வரி) பூட்டப்படும், லெனேசியா காத்திருக்கும். டர்பன் முடித்ததும் லெனேசியா பார்ப்பது பூஜ்யம், அதன் விற்பனை மறுக்கப்படும். நடுவில் மின்சாரம் போனால்? செய்யப்போவதை முன்கூட்டியே ஒரு பதிவுக் கோப்பில் டேட்டாபேஸ் எழுதிவைத்திருக்கும். மீண்டும் எழும்போது அதைப் படித்து, முடிந்த கட்டை நிறைவேற்றும், பாதியில் நின்றதை அழிக்கும். இருப்பு குறைந்து பில் இல்லாமல் போவது நடக்காது.

ஒரு எச்சரிக்கை. "இருப்பு ஒன்றுக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் கழி" என்று நிரலர் ஒரே கட்டளையாக எழுதியிருந்தால்தான் இது இவ்வளவு சுத்தமாக நடக்கும். முதலில் இருப்பைப் படித்துவிட்டு, பிறகு தனியாக மாற்றினால் எவ்வளவு விலை உயர்ந்த டேட்டாபேஸிலும் ஒரே பை இரண்டு பேருக்கு விற்கும். கிளவுட் நிறுவனத்தை மாற்றினால் இது சரியாகாது.

"மேனேஜ்டு" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது

கிளவுடில் ஒரு வெற்றுச் சர்வரை வாடகைக்கு எடுத்து அதில் நாமே டேட்டாபேஸை நிறுவலாம். அல்லது டேட்டாபேஸையே ஒரு சேவையாக வாங்கலாம். இரண்டாவதைத்தான் மேனேஜ்டு டேட்டாபேஸ் என்கிறார்கள். அமேசான் 2009இல் ஆர்.டி.எஸ். என்ற பெயரில் இதைத் தொடங்கியது.

நிறுவனம் பார்த்துக்கொள்வது: இயந்திரம், வட்டு, மின்சாரம், இயங்குதளம், பாதுகாப்புத் திருத்தங்கள், தினசரி பேக்கப், காசு கட்டினால் இன்னொரு கட்டடத்தில் தயார் நிலையில் ஒரு நகல்.

நம் தலையில் விழுவது:

1. யார் உள்ளே நுழையலாம், எந்தக் கடவுச்சொல், எந்த நெட்வொர்க் வழி.
2. அட்டவணை அமைப்பு, தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ், மெதுவாக ஓடும் வினவல்கள் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகள்).
3. பேக்கப்பை எத்தனை நாள் வைப்பது, அதிலிருந்து மீட்டுப் பார்ப்பது.
4. பெரிய பதிப்பு மாற்றங்களுக்கு மென்பொருளைத் தயார்செய்வது.

இதில் முதலாவதுதான் பெரும்பாலான விபத்துகளின் வாசல். 2022 மார்ச்சில் டிரான்ஸ்யூனியன் தென்னாப்பிரிக்கா நிறுவனத்தின் தகவல் திருட்டில், வாடிக்கையாளர் ஒருவருக்குக் கொடுத்திருந்த நுழைவு உரிமை தவறாகப் பயன்படுத்தப்பட்டதாக அந்த நிறுவனமே அறிவித்தது. பூட்டை உடைக்கவில்லை, சாவியைத்தான் எடுத்தார்கள். டேட்டாபேஸை இணையத்தில் யாரும் எட்டும்படி திறந்துவைத்து, ஒரே கடவுச்சொல்லை நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் கடைக்கு எந்தக் கிளவுடும் காவல் இல்லை.

முதல் முடிவு: என்ஜின்

விற்பனையாளர்கள் நிறுவனப் பெயரிலிருந்து பேச்சைத் தொடங்குவார்கள். நாம் தொடங்க வேண்டிய இடம் வேறு. டேட்டாபேஸ் என்ஜின், அதாவது தரவைச் சேமித்துத் தேடித்தரும் அடிப்படை மென்பொருள், எது என்பதே நம் மென்பொருளைக் கட்டிப்போடும் முடிவு. நிறுவனத்தை மாற்றுவது சில வாரத் தலைவலி, என்ஜினை மாற்றுவது மென்பொருளையே திருப்பி எழுதுவதற்குச் சமம்.

போஸ்ட்கிரெஸ்: பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கிய ஆய்வின் வாரிசு. திறந்த மூலம், லைசென்ஸ் கட்டணம் இல்லை, எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு ஆதரவு. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மூன்றிலும் மேனேஜ்டு சேவையாகக் கிடைக்கும். புதிதாக மென்பொருள் எழுதுகிறவருக்கு என் பரிந்துரை இதுதான். காரணம் வேகமல்ல, வெளியேறும் வழி. ஒரு நிறுவனத்தோடு ஒத்துவராவிட்டால் தரவை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் குடிபோகலாம்.

மைஎஸ்கியூஎல்: 1995இல் பிறந்தது, 2010 முதல் ஆரக்கிள் கையில். இணையக் கடைகளின் மென்பொருள்கள் பல இதில்தான் ஓடுகின்றன. அப்படி ஒன்றை ஏற்கெனவே வைத்திருப்பவர் மாற்றத் தேவையில்லை. இதிலிருந்து 2009இல் பிரிந்த மரியாடிபிக்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த மேனேஜ்டு சேவை 2025 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. சேவைகளும் சாகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அந்த வாடிக்கையாளர்களுக்கு மைஎஸ்கியூஎல் பக்கம் போக ஒரு வழி இருந்தது. ஒரே நிறுவனத்தில் மட்டும் கிடைக்கும் என்ஜினாக இருந்திருந்தால் அந்த வழியும் இராது.

எஸ்கியூஎல் சர்வர்: மைக்ரோசாஃப்டின் சொத்து, லைசென்ஸ் உண்டு. இந்நாட்டில் பல தொழிற்சாலைகளின் இருப்பு மென்பொருளும் சம்பள மென்பொருளும் இதன்மேல் நிற்கின்றன. கிடங்கு அறையில் ஓடும் பழைய 2014 பதிப்புக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூலையோடு முடிந்துவிட்டன. கிளவுட் பேச்சு பல இடங்களில் தொடங்குவதே இதனால்தான்.

ஆரக்கிள்: வங்கி, காப்பீடு, பெரிய மருத்துவமனைகளின் உலகம். சிறு வியாபாரம் இதைத் தேடிப்போகக் காரணம் எதுவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. பழைய கணக்கு மென்பொருள்கள் சில, தமக்கென்று ஒரு கோப்பு வடிவத்தில் தரவை வைக்கின்றன. அவற்றை இந்த நான்கில் எதிலும் அப்படியே தூக்கிவைக்க முடியாது. மென்பொருள் விற்றவரிடம் "உங்கள் மென்பொருள் எந்த என்ஜினை, எந்தப் பதிப்பை ஏற்கும்?" என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் ஒரு ராண்டும் செலவழிக்க வேண்டாம்.

இரண்டாம் முடிவு: இடம்

பத்தாண்டுக்கு முன் இந்தக் கேள்வி எழவே இல்லை. இந்தப் பெரிய நிறுவனங்களிடம் வாங்கினால் எல்லாம் அயர்லாந்திலோ நெதர்லாந்திலோதான். இன்று உள்நாட்டிலேயே நான்கு பேர்:

1. மைக்ரோசாஃப்ட் அஷூர், 2019 மார்ச். ஜோகன்னஸ்பர்க்கில் முதன்மை ரீஜன், கேப் டவுனில் பேரிடர் மீட்புக்கான துணை ரீஜன்.
2. அமேசான், 2020 ஏப்ரல், கேப் டவுன். தனித்தனி மின்சாரமும் நெட்வொர்க்கும் கொண்ட மூன்று சோன்கள் (டேட்டா சென்டர் தொகுதிகள்).
3. ஆரக்கிள், 2022 ஜனவரி, ஜோகன்னஸ்பர்க்.
4. கூகுள், 2024 ஜனவரி, ஜோகன்னஸ்பர்க்.

தூரம் ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கில் காட்டலாம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் சாலை வழியே சுமார் 570 கிலோமீட்டர். போய்வர ஏறத்தாழ 6 மில்லிநொடிக்குக் குறைய இயற்கையே விடாது, நடைமுறையில் 12 எனக் கொள்வோம். மேற்கு ஐரோப்பாவுக்குப் போய்வர 170 எனக் கொள்வோம். ஒரு வாடிக்கையாளர் கணக்குத் திரை திறக்கும்போது மென்பொருள் 120 சிறு வினவல்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறது. பழைய மென்பொருளில் இது சாதாரணம். சர்வர் பக்கத்து அறையில் இருந்தபோது ஒவ்வொன்றும் ஒரு மில்லிநொடி, மொத்தம் நொடியில் எட்டில் ஒரு பங்கு, யாரும் கவனிக்கவில்லை. டேட்டாபேஸ் மட்டும் ஜோகன்னஸ்பர்க் போனால் ஒன்றரை நொடி. ஐரோப்பா போனால் 20 நொடி. கவுன்டரில் வரிசை நிற்கும்போது 20 நொடி என்பது வியாபாரத்தின் கழுத்தில் கை.

டேட்டாபேஸ் மெதுவாக இருக்கிறது என்று பெரிய இயந்திரமாக மாற்றிக்கொண்டே போனால் இந்த 20 நொடி குறையாது, பில் மட்டும் ஏறும். மென்பொருளையும் டேட்டாபேஸையும் ஒரே ரீஜனில் வைத்து, கடைக்குத் திரையை மட்டும் அனுப்புவதே தீர்வு. அப்போது 120 வினவலும் கட்டடத்துக்குள்ளேயே முடிந்துவிடும், கடைக்கும் ரீஜனுக்கும் இடையே ஒரு பயணம்தான்.

கடலடிக் கேபிள்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் அருகே ஒரே நாளில் வாக்ஸ், சாட்-3 உட்பட நான்கு கேபிள்கள் அறுந்தன. அதே ஆண்டு மே 12 அன்று கிழக்குக் கரையில் ஈசியும் சீகாமும் அறுந்தன. பழுதுபார்க்கும் கப்பல் வந்து சேரும்வரை ஐரோப்பாவிலிருக்கும் டேட்டாபேஸோடு பேசும் கடைக்கு ஒவ்வொரு பில்லும் பாடு. டேட்டாபேஸ் உள்நாட்டில் இருந்தால் அந்த வாரத்தில் இழை இணைப்பு உள்ள கடைக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது.

மின்வெட்டு வேறு கதை. 2023இன் ஆறாம் கட்ட லோட் ஷெட்டிங்கைப் பார்த்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டேட்டா சென்டரில் ஜெனரேட்டர் ஓடும். கடையிலுள்ள ரவுட்டருக்கும் இழைப் பெட்டிக்கும் பேட்டரி இல்லையென்றால் அந்த ஜெனரேட்டரால் உங்களுக்குப் பயன் இல்லை. நீண்ட வெட்டில் செல்பேசிக் கோபுரங்களின் பேட்டரியும் வடிந்துவிடும். கிளவுடுக்குப் போகும் கடை முதலில் வாங்க வேண்டியது அந்தச் சின்னப் பேட்டரி. அடுத்து, இணைப்பு இல்லாதபோதும் பில்லைத் தன்னுள் சேமித்துப் பிறகு அனுப்பும் கவுன்டர் மென்பொருள்.

பாபியா சட்டம் என்ன கேட்கிறது

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான பாபியா 2013இல் கையெழுத்தானது. 2021 ஜூலை 1 முதல் முழு அமலில் இருக்கிறது. "தரவு நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது" என்று அது சொல்வதாகப் பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. அதன் 72ஆம் பிரிவு நிபந்தனைகளைத்தான் விதிக்கிறது: பெறுகிறவர் இதற்கு இணையான பாதுகாப்பைத் தரும் சட்டத்துக்கோ ஒப்பந்தத்துக்கோ கட்டுப்பட்டிருக்க வேண்டும், அல்லது சம்பந்தப்பட்டவரின் சம்மதம் போன்ற வேறு காரணம் இருக்க வேண்டும்.

கடைக்காரர் கவனிக்க வேண்டியது வேறொன்று. வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எந்தக் கிளவுடில் இருந்தாலும் சட்டத்தின் முன் பொறுப்பாளர் நீங்கள்தான், கிளவுட் நிறுவனம் உங்களுக்காக வேலைசெய்யும் ஆள் மட்டுமே. தகவல் கசிந்தால் இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அறிவிக்க வேண்டிய கடமை உங்களுடையது. அபராதம் 1 கோடி ராண்ட் வரை போகலாம்.

மூன்றாம் முடிவு: நிறுவனம்

என்ஜினும் இடமும் முடிவான பிறகு பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

அமேசானில் இரண்டு பாதை. ஆர்.டி.எஸ். என்பது போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், மரியாடிபி, எஸ்கியூஎல் சர்வர், ஆரக்கிள், ஐ.பி.எம்.மின் டிபி2 ஆகிய என்ஜின்களை உள்ளபடியே நடத்தித் தருவது. அரோரா, போஸ்ட்கிரெஸ்போலவும் மைஎஸ்கியூஎல்போலவும் பேசும், ஆனால் சேமிப்பு அடுக்கை அமேசான் தானே கட்டியது. ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் மூன்று சோன்களில் ஆறு நகல். முதன்மை இயந்திரம் விழுந்தால் ஆர்.டி.எஸ். இரட்டைச் சோன் அமைப்பு வழக்கமாக 60 முதல் 120 நொடியில் மாறிக்கொள்ளும், அரோரா இன்னும் விரைவு. மூன்று கிளை மசாலா வியாபாரத்துக்கு அரோரா தேவையில்லை. சாதாரண ஆர்.டி.எஸ். போதும். கேப் டவுன் ரீஜன் புதுக் கணக்கில் இயல்பாக மூடியே இருக்கும், நாமே திறக்க வேண்டும். இது தெரியாமல் அயர்லாந்தில் டேட்டாபேஸை உருவாக்கிவிடுவது எளிது. விலையும் அயர்லாந்தைவிடக் கேப் டவுனில் கூடுதல்.

அஷூரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எஸ்கியூஎல் சர்வர் வைத்திருப்பவருக்கு இதுதான் இயல்பான வீடு. இங்கும் இரண்டு பாதை. அஷூர் எஸ்கியூஎல் டேட்டாபேஸ் மலிவானது, ஆனால் குறித்த நேரத்தில் தானே ஓடும் ஏஜென்ட் வேலைகள், ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றை நேரடியாக வினவுவது போன்ற பழைய வசதிகள் அதில் கிடையாது. மேனேஜ்டு இன்ஸ்டன்ஸ் பெரும்பாலும் பழைய சர்வரைப் போலவே நடக்கும், செலவு அதிகம். இரவில் தானே ஓடும் சம்பளக் கணக்கு உங்களிடம் இருந்தால் இந்த வித்தியாசம்தான் முடிவைத் தீர்மானிக்கும். சர்வர்லெஸ் என்ற வகையில் யாரும் பயன்படுத்தாதபோது டேட்டாபேஸ் உறங்கிவிடும், உறங்கும் நேரத்துக்கு இயந்திரக் கட்டணம் இல்லை. ஆனால் எழ ஏறத்தாழ ஒரு நிமிடம் பிடிக்கும். காலையில் கடை திறந்ததும் முதல் பில் பிழை காட்டுவது பல நேரம் இதனால்தான்.

அஷூருக்கு இந்நாட்டில் ஒரு தனிப் பலம் உண்டு. இரண்டு ரீஜனும் உள்நாட்டில் இருப்பதால், தொலைதூர பேக்கப் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கேப் டவுனுக்குப் போகும், நாட்டைத் தாண்டாது. அமேசானுக்கும் கூகுளுக்கும் இங்கே ஒரே ரீஜன். அவற்றின் இரண்டாம் ரீஜன் நகல் வேண்டுமென்றால் கடல் தாண்டித்தான் ஆக வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த குவாசூலு-நட்டால் வாசிகளுக்கு, ஒரே நகரத்தில் எல்லாவற்றையும் வைப்பதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை.

கூகுளின் "கிளவுட் எஸ்கியூஎல்" சேவை போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர் மூன்றையும் தருகிறது. அமைப்புத் திரை எளிது. அதன் மிக மலிவான பகிர்வு இயந்திரங்களுக்குச் சேவை உத்தரவாதம் கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

ஆரக்கிள், ஆரக்கிள் மென்பொருள் உள்ளவருக்கு. அவ்வளவுதான்.

ஸ்டாண்ட்பை வேறு, பேக்கப் வேறு

எத்தனை சதவீத நேரம் சேவை ஓடும் என்ற உத்தரவாத எண்களை நிமிடமாக மாற்றிப் படிக்க வேண்டும். 30 நாள் மாதத்தில் 99.95 சதவீதம் என்றால் ஏறத்தாழ 22 நிமிடம் நிற்கலாம். 99.99 என்றால் நான்கு நிமிடம் சொச்சம். அதையும் மீறினால் கிடைப்பது பில்லில் ஒரு கழிவு. நீங்கள் இழந்த வியாபாரம் அல்ல.

இதைவிடப் பெரிய குழப்பம், இரண்டாம் சோனில் தயார் நிலையிலுள்ள நகலை (ஸ்டாண்ட்பை) பேக்கப் என்று நினைப்பது. அந்த நகல் முதன்மையில் நடக்கும் எல்லாவற்றையும் உடனுக்குடன் பின்பற்றும். மதியம் 2:10க்கு யாரோ எல்லா வாடிக்கையாளர் வரிகளையும் தவறாக அழித்தால் நகலிலும் 2:10க்கே அழிந்துவிடும். இயந்திரம் கெட்டால் காப்பது ஸ்டாண்ட்பை, மனிதன் தவறினால் காப்பது பேக்கப். இரண்டும் வேண்டும். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் பேக்கப்பை எடுங்கள். கடை இரண்டு மணி நேரம் நிற்கலாம், கடன் ஏடு காணாமல்போகக் கூடாது.

குறித்த நேரத்துக்கு மீட்பது என்ற வசதி நான்கு நிறுவனத்திலும் உண்டு. 2:09 நிலைக்கு ஒரு புது டேட்டாபேஸாக மீட்டு, அழிந்த வரிகளை எடுத்துக்கொள்ளலாம். எத்தனை நாள் பின்னோக்கிப் போகலாம் என்பதில்தான் வித்தியாசம். ஆர்.டி.எஸ்.ஸிலும் அஷூர் எஸ்கியூஎல்லிலும் 35 நாள் வரை, கூகுளின் சாதாரணப் பதிப்பில் 7 நாள், உயர் பதிப்பில் 35. வரித் துறையான சார்ஸ் 5 ஆண்டு ஆவணம் கேட்கிறது, கம்பெனிச் சட்டம் 7 ஆண்டு. ஆகவே நீண்டகாலப் படியைத் தனியாக ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். அஷூர் எஸ்கியூஎல்லில் 10 ஆண்டு வரை வைக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது என்பதற்கு நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது சான்று. இரவு வேலையில் ஒரு பொறியாளர் முதன்மை போஸ்ட்கிரெஸ் கோப்புறையைத் தவறாக அழித்தார். பேக்கப்புக்குப் பல வழிகளை வைத்திருந்தும் நம்பியவை கைகொடுக்கவில்லை. பதிப்பு பொருந்தாததால் தினசரிப் படி சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்த, அந்நேர நிலையின் நகலான ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. என்ன நடந்தது என்று அவர்கள் மறைக்காமல் எழுதிவைத்ததால் இன்றும் எல்லோருக்கும் பயன்படுகிறது.

2024 மே மாதம் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியான யூனிசூப்பருக்கு நேர்ந்தது இன்னொரு வகை. கூகுள் தரப்பு அமைப்புப் பிழையால் அதன் தனிக் கிளவுட் சூழலே அழிந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கும் மேல் கணக்கைப் பார்க்க முடியவில்லை. மீட்சிக்கு உதவியதில் வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப்புக்கும் பங்கு உண்டு. வாரம் ஒரு படியை எடுத்து, வேறு நிறுவனத்தில், வேறு கடவுச்சொல்லின் கீழ் வைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. எந்தச் சிறு வியாபாரமும் இதைச் செய்யாமல் இருக்கக் கூடாது.

பில் எங்கே ஏறுகிறது

முதல் மாத பில்லும் ஆறாம் மாத பில்லும் ஒத்துப்போவதில்லை. காரணங்கள்:

1. டாலர். அமேசானின் விலைப் பட்டியல் டாலரில். 2011இல் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 7 ராண்ட் கொடுத்தோம், 2023இல் 19ஐத் தாண்டியது. மைக்ரோசாஃப்ட் ராண்டில் பில் போட்டாலும் அவ்வப்போது டாலருக்கு ஏற்ப விலையைத் திருத்துகிறது. ராண்ட் விழும்போது இந்தச் செலவும் ஏறும் என்று வைத்தே பட்ஜெட் போடுங்கள்.
2. 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி). பதிவுபெற்ற வியாபாரம் இதைத் திரும்பப் பெறலாம், பதிவில்லாத சிறு கடைக்கு இது நேரடிச் செலவு.
3. இரட்டைச் சோன். இயந்திரக் கட்டணம் ஏறத்தாழ இரு மடங்கு.
4. வட்டு. கூட்டுவது ஒரு சொடுக்கு, குறைப்பது எளிதல்ல. தேவைக்கு மேல் பெரிதாகத் தொடங்க வேண்டாம்.
5. பழைய பதிப்பு. அமேசானில் மைஎஸ்கியூஎல் 5.7க்கான வழக்கமான ஆதரவு 2024 பிப்ரவரியோடு முடிந்தது. அதன்பின் அதிலேயே இருப்பவருக்கு நீட்டிப்புக் கட்டணம் மணிக்கணக்கில் சேர்கிறது.
6. நிறுத்திவைத்த டேட்டாபேஸ். ஆர்.டி.எஸ்.ஸை நிறுத்தினால் ஏழு நாளில் அது தானே எழுந்துகொள்ளும், பில்லும் எழும்.

தரவை வெளியே எடுக்கும் கட்டணமும் உண்டு. ஆனால் முழுதாக வெளியேறும் வாடிக்கையாளருக்கு அதைத் தள்ளுபடி செய்வதாக 2024இல் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றுமே அறிவித்தன.

யாருக்கு எது

ஒரே கடை, ஒரே கவுன்டர் என்றால் டேட்டாபேஸை வாடகைக்கு எடுக்கவே வேண்டாம். இணையவழிக் கணக்கு மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டுங்கள். டேட்டாபேஸ் அவர்கள் கவலை. மாதம் ஒருமுறை உங்கள் தரவை இறக்கிவைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பல கிளையும் சொந்த மென்பொருளும் இருந்தால் உள்நாட்டு ரீஜனில் மேனேஜ்டு போஸ்ட்கிரெஸ், 35 நாள் மீட்பு வசதி, வெளியே வாராந்திரப் படி. ஒரு மணி நேர நிறுத்தத்தைத் தாங்க முடியாது என்ற நிலை வந்தபின் இரட்டைச் சோன் போதும்.

எஸ்கியூஎல் சர்வர் மேல் நிற்கும் தொழிற்சாலைக்கு அஷூர். ஏஜென்ட் வேலைகளின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு மேற்சொன்ன இரண்டு பாதையில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மாறும் வாரம்

வாட் 201 படிவம் தாக்கல் செய்யும் வாரத்திலும், தீபாவளிக்கு முந்தைய மாதத்திலும் மாற்ற வேண்டாம். மாற்றியதும் பழைய, புதிய டேட்டாபேஸ் இரண்டிலும் நான்கு எண்களை எடுத்து ஒப்பிடுங்கள்: கடைசி பில் எண், கடனாளிகளின் மொத்தப் பாக்கி, கிடங்கின் மொத்த இருப்பு மதிப்பு, அந்தக் காலத்தின் வாட் தொகை. ஒரு சென்ட் வித்தியாசம் வந்தாலும் காரணம் தெரியும்வரை நகர வேண்டாம். பெரும்பாலும் அது தசம இடங்களைச் சுருக்குவதில் இரண்டு என்ஜின்களுக்கும் உள்ள வேறுபாடாகவோ, நேர மண்டலம் மாறியதால் நள்ளிரவை ஒட்டிய பில் முந்தைய நாளுக்குத் தாவியதாகவோ இருக்கும். கிளவுட் டேட்டாபேஸ்களின் கடிகாரம் பொதுவாக உலகப் பொது நேரமான யூ.டி.சி.யில் ஓடும், நம் நேரம் அதற்கு இரண்டு மணி முன்னால். மாதக் கடைசி நள்ளிரவுக்குப் பிறகு போட்ட பில் முந்தைய மாதத்தில் விழுந்து வரிக் கணக்கைக் கலைக்கும்.

பழைய சர்வரை உடனே அணைக்க வேண்டாம். படிக்க மட்டும் என்று பூட்டி, புதிய டேட்டாபேஸிலிருந்து ஒரு முழு வாட் 201 தாக்கல் ஆகி, சார்ஸ் அதை ஏற்கும்வரை அப்படியே விட்டுவையுங்கள்.